தொட்டால் ‘ஓம்’ சொல்லுங்கள்

முதலில் கண்டது என் மனைவி பூமணிதான். விடிந்ததும் முற்றம் கூட்டிவிட்டு உள்ளே வந்தவள், விளக்குமாறும் கையுமாக நின்றபடி என்னைக் கூப்பிட்டாள். பின்கதவிலிருந்து சாமியறை வரைக்கும் சீமெந்துத் தரையில் காலடித் தடங்கள் கிடந்தன. கருஞ்சிவப்பாகக் காய்ந்து போயிருந்தன. உற்றுப் பார்த்தால் எல்லாமே இடதுகால். வலதுகால் பதிந்த அடையாளம் ஓரிடத்திலும் இல்லை. சாமியறை வாசலோடு தடம் நின்றுவிட்டது. உள்ளே போன கால் திரும்பி வரவில்லை.

“கதவு உள்ளால பூட்டித்தானே கிடந்திச்சி?” என்றாள்.

“நான்தான் பூட்டினன்” என்றேன்.

விடியுமுன் எழுந்து, கிணற்றடியில் கால்முகம் கழுவி, வெறுங்காலோடு சாமியறைக்குப் போய் விளக்கு வைப்பது என் வழக்கம். அன்றும் அந்த வழியால்தான் போனேன். அப்போது தரையில் ஒன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அப்படியானால் நான் இருட்டில் நடந்தபோது எனக்குப் பின்னால் யாரோ நடந்து வந்திருக்கிறார்கள். 

நான் முப்பது வருடம் கிராம சேவகராக, ஊரார் சொல்லும் ஜீ.எஸ்ஸாக, இருந்தவன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் என் காலடி படாத வேலியோ வரம்போ இல்லை. எல்லைத் தகராறுகளில் தடம் பார்த்து ஆளைச் சொன்னவன். ஆனால் என் வீட்டுத் தரையில் குனிந்து பார்த்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் மகளுக்குக் கலியாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லை. பிள்ளை கிடைத்தால் மூன்று சடங்குக்குத் தீ மிதிப்பேன் என்று ஊர் மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். சடங்கு என்று நாங்கள் சொல்வது ஆண்டுக்கொரு முறை வரும் கோயில் திருவிழாவை. பேத்தி பிறந்தாள். முதல் வருடம் தீக்குழியில் இறங்கியபோது சுட்டது. சும்மா சுடவில்லை, உயிர் போகிற மாதிரிச் சுட்டது. பயந்து ஓடித்தான் கடந்தேன். மச்சான்மார் ஒரு மாதம் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் சுடவேயில்லை. வயல் வட்டையில் வரம்பு பார்க்கப் போகிறவன் மாதிரி ஆறுதலாக நடந்து வந்தேன். கரையில் நின்ற பெண்கள் குரவை போட்டார்கள். வயதில் மூத்தவர்கள்கூட வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ‘வேண்டாம், வேண்டாம்’ என்று வாய் சொன்னதே தவிர, காலை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சடங்கு முடிந்து மூன்றாவது வாரம்தான் தரையில் தடம் வந்தது. ஊருக்குக் கேட்கவா வேண்டும்? அம்மன் வந்துபோகிறாள் என்று பக்கத்து வீட்டு மச்சாள் சொன்னாள். மத்தியானத்துக்குள் தடங்களைச் சுற்றி மஞ்சளால் கோடு போட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடத்தின் மேலும் ஒரு பூ. அடுத்த நாள் விடிய இன்னொரு வரிசைத் தடம். மூன்றாம் நாள் இன்னும் கடுஞ்சிவப்பாக இன்னொரு வரிசை. ஆட்கள் வந்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். வீட்டுக்குள் ஒரு நாற்றமும் இருந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று பூமணி அலுமாரிகளை எல்லாம் நகர்த்தித் தேடினாள். எலியும் இல்லை.

மூன்றாம் நாள் பகல் நான் கதிரையில் சாய்ந்து, வந்தவர்களுக்குத் தீக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூமணி மட்டும் கதையைக் கேட்கவில்லை. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடங்களில் எறும்பு மொய்த்திருந்தது. அங்கிருந்து ஒரு சாரை பிரிந்து, சுவரோரமாக வந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து, கதிரையின் காலைச் சுற்றி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவள் குனிந்து, எறும்பின் பின்னாலேயே வந்து, என் முன்னால் முழங்காலில் இருந்தாள். என் இடது செருப்பை மெல்லக் கழற்றினாள். எறும்பு எல்லாம் அதற்குள்தான் போயிருந்தது.

“இஞ்சருங்க” என்றாள். “உங்களுக்கு ஒண்டும் தெரியல்லையா?”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, வாவிக்கரையில் கிடக்கும் சிப்பியோட்டுத் துண்டு ஒன்று முழுதாகப் புதைந்திருந்தது. அதைச் சுற்றிச் சதை கறுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு விரல்கள் கறுப்பு. எறும்புகள் வருவதும் போவதுமாக இருந்தன. அது யாருடைய காலோ என்பதுபோல நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் கழுவிய வலதுகாலின் ஈரம் காய்ந்துபோக, இடதுகாலின் இரத்தம் மட்டும் தங்கியிருக்கிறது. சாமியறை வாசலில் நின்றே விளக்கு வைத்துவிட்டு, அங்கே கிடக்கும் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்புவேன். அதனால் திரும்பும் தடம் இல்லை. மூன்று நாளாக ஊர் கும்பிட்டது என் புண்ணைத்தான்.

மருமகன் ஓட்டோவில் ஏற்றினார். மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போது வாவி அசைவில்லாமல் கிடந்தது. மடியில் துணி சுற்றிக் கிடந்த காலைப் பூமணி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. அந்தப் பயணத்தில்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நல்லாகத்தான் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சீனி கூரைக்கு ஏறியிருந்தது. எனக்குச் சீனி வருத்தம் வந்து பதினொரு வருடம். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறவன் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. கொப்பியைக் கவர் போட்டு வைத்திருப்பேன். குளிசையில் பாதியை மட்டும், அதுவும் தலைசுற்றும் நாளில் மட்டும் போடுவேன் என்பது வேறு கதை.

எலும்பைப் படம் பிடித்தார்கள். பிறகு இரத்தம் ஓடுகிறதா என்று காதால் கேட்கும் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்தார்கள். வலது கணுக்காலில் வைத்ததும் அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஆழமில்லாத தண்ணீரில் தோணி தள்ளுகிற மாதிரி, சளக், சளக் என்று. இடதில் வைத்தார்கள். சத்தமில்லை. கொஞ்சம் நகர்த்தினார்கள். சத்தமில்லை. வாட்டில் பக்கத்துக் கட்டில்காரர்கூட இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார். வெகுநேரத்துக்குப் பிறகு, எங்கேயோ தூரத்தில் ஒரு தோணி வருகிற மாதிரி, மெல்லியதாக ஒன்று கேட்டது. பூமணி அழத் தொடங்கினாள்.

அடுத்த நாள் பெரிய டொக்டர் வந்தார். சத்திரசிகிச்சை செய்கிறவர். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் என் காலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, பழுதான பகுதியை அகற்ற வேண்டும், எவ்வளவு தூரம் என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும், கிருமி ஏறினால் முழங்காலுக்குக் கீழே என்று சொல்லி, “விளங்கிச்சா ஐயா?” என்றார்.

“ஓம் டொக்டர்” என்றேன்.

அந்த ‘ஓம்’ எனக்குப் பழக்கமானது. முப்பது வருடம் என் மேசைக்கு முன்னால் நின்று, நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்த சனங்கள் சொன்ன ‘ஓம்’ அது. விளங்கிச்சா என்பேன், ஓம் ஐயா என்பார்கள். விளங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். பெரிய மனிதர் ஒருவர் நேரமெடுத்துச் சொல்லும்போது விளங்கவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. நான் என்ன விளங்கிக்கொண்டேன் என்றால், புண்ணைச் சுரண்டி மருந்து கட்டப் போகிறார்கள் என்றுதான். முழங்கால் என்ற சொல் காதில் விழுந்தது. அது வேறு யாரோ ஒரு நோயாளியைப் பற்றிய சொல் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி நடந்தது. சுகாதார விசயம் அதிகம் தெரியாத நோயாளிகளோடு எப்படிப் பேசுவது என்று டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் பழக்குகிறார்கள். மருத்துவ பீடத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் அம்மா வந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளி. பயிற்சி டொக்டர் ரிஸ்னாவுக்கு என்னைக் கொடுத்தார்கள். காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. என் மகளைவிட இளையவள். எனக்கு வந்ததே கோபம்.

“புள்ள, நான் படிச்சவன். ஜீ.எஸ்ஸாக இருந்தவன். விளங்காத ஆக்கள் அங்கால வாட்டில இரிப்பாங்க” என்றேன்.

“தெரியும் ஐயா” என்றாள். “எனக்குத்தான் பழக வேணும். கொஞ்சம் உதவி செய்யுங்க.”

உதவி என்று கேட்டால் மறுக்க முடியுமா? இரு என்றேன். அவள் ஒரு கடதாசியைப் பார்த்து, எனக்கு வந்திருப்பது ‘சுற்றயல் நரம்பு நோய்’ என்று தொடங்கினாள். தமிழில்தான் சொன்னாள், ஆனால் ஆங்கிலமே பரவாயில்லை என்று இருந்தது. நான் வழக்கம்போல ஓம், ஓம் என்றேன். பின்னால் நின்ற விரிவுரையாளர் அம்மா அவளுடைய தோளைத் தொட்டு, “டொக்டர், இவர் எத்தின தரம் ஓம் சொன்னார் எண்டு கவனிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ரிஸ்னா கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் போட்டாள். என் கிளினிக் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். போன வருடம் இரண்டு முறை காலைச் சோதித்து, உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

“இத எப்படிச் சோதிச்சவங்க ஐயா?”

“நைலோன் நூல் மாதிரி ஒண்டு. கண்ண மூடச் சொல்லி, காலில ஒவ்வொரு இடமா குத்துவாங்க. பட்டா ஓம் எண்டு சொல்லோணும்.”

“நானும் ஒருக்காச் செய்து பாக்கட்டா? இடது காலில, கட்டுப் போடாத இடத்தில மட்டும். கண்ண மூடுங்க. நான் தொடக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்க.”

பின்னேர வேளை. பார்வையாளர் நேரம் இன்னும் தொடங்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினேன். சிறிது நேரத்தில் குதிகால் பக்கமாக ஒரு தொடுகை வந்தது. “ஓம்” என்றேன். இரண்டு மூச்சு கழித்துச் சின்னவிரலில். “ஓம்.” பிறகு உள்ளங்கால் ஓரத்தில், மெதுவாக, விரல் நுனியால் கோடு இழுப்பதுபோல. “ஓம்.” அப்படி ஏழெட்டு முறை சொல்லியிருப்பேன். பிறகு அமைதி. பூமணி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

“ஐயா, கண்ணத் திறங்க.”

திறந்தேன். ரிஸ்னா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இல்லை. நான்கு அடி தள்ளி, ஜன்னலோரம் நின்றாள். நூல் மேசையில் அதன் உறைக்குள்ளேயே கிடந்தது.

“நான் இன்னும் தொடங்கல்ல ஐயா” என்றாள்.

இதை வாசிப்பவர்கள் நான் பொய் சொன்னேன் என்று நினைக்கலாம். கிளினிக்கில் பொய்தான் சொன்னேன். அங்கே வரிசை கேற்றுக்கு வெளியே நிற்கும். அந்தத் தாதி மிஸ் அவசரமாக, ஒரே வேகத்தில் தொட்டுக்கொண்டு போவார். அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு நானும் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வருவேன். தெரியவில்லை என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் வேலையில் குறை கண்டது மாதிரி ஆகிவிடும். ஆனால் அன்று வாட்டில் நான் பொய் சொல்லவில்லை. யாரோ தொட்டார்கள். பிள்ளையார் கோயில் கற்பூரத்தின் மேல் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். என் கையெல்லாம் புல்லரித்துப் போயிருந்தது.

ரிஸ்னா வந்து கட்டிலில், என் காலுக்குப் பக்கத்தில் இருந்தாள். இந்த முறை கடதாசி இல்லை.

“ஐயா, காலுக்கும் தலைக்கும் நடுவில சேதி கொண்டு போறதுதான் நரம்பு. சீனி கூடிக் கூடி அது அரிச்சுப் போச்சு. இப்ப அது நடந்ததச் சொல்லாது. சிப்பி குத்தினதச் சொல்லல்லதானே? சில நேரம் நடக்காததச் சொல்லும். இப்ப உங்களுக்கு ஆரோ தொட்ட மாதிரி இருந்திச்சே, அதுவும் அதுதான்.” என் முகத்தைப் பார்த்தாள். “நான் ஒழுங்காச் சொன்னனா எண்டு எனக்குத் தெரியோணும். இது உங்களுக்குச் சோதினை இல்ல, எனக்குத்தான். வீட்ட போய் மகளுக்கு எப்படிச் சொல்லுவீங்களோ, அப்படி எனக்குச் சொல்லிக் காட்டுங்க.”

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிக்கொண்டு வந்தது. “என்ர காலுக்கு உணர்ச்சி இல்ல. அதால புண் தெரியல்ல. இப்ப சுரண்டி மருந்து கட்டுவீங்க. வாற சடங்குக்கு முன்னம் காஞ்சிரும். மூண்டாம் வருசத் தீயையும் மிதிச்சா நேர்த்தி முடிஞ்சிரும்.”

அவள் முகம் மாறிவிட்டது. அவள் சொல்லாத இரண்டு விசயங்களை நான் சேர்த்திருந்தேன். சொல்லிக் காட்டச் சொல்லி அவள் கேட்டிருக்காவிட்டால் அந்த இரண்டும் என் தலைக்குள்ளேயே இருந்திருக்கும்.

“தீயா?” என்றாள். “முந்தி மிதிச்சிரிக்கீங்களா?”

“ரெண்டு வருசம்.”

“சுட்டிச்சா?”

“முதல் வருசம் சுட்டிச்சி. மறுகா...” அதற்குமேல் என் வாய் நின்றுவிட்டது. கிளினிக்கில் ஓம், ஓம் என்று சொன்னது அந்த இரண்டு சடங்குக்கும் இடைப்பட்ட காலத்தில். கணக்கு என் கண்முன்னாலேயே வந்து நின்றது. அவள் என் காலையே பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“அம்மனப் பத்தி நீங்க கதைக்க வேணாம்” என்று கத்திவிட்டேன். அவள் அம்மனைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை. வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து, “மன்னிச்சுக்கோங்க ஐயா. காலைல சத்திரசிகிச்சை. நான் திரும்ப வருவன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மகள் அனுப்பிய குரக்கன் பிட்டும் மீன் சொதியும் அப்படியே ஆறிக் கிடந்தன. காலை இழப்பதைவிட அந்த நடையை இழப்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அத்தனை பேர் குரவை போட, ஆறுதலாக நடந்து வந்த அந்தப் பத்து அடி. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே அற்புதம் அது. அதுவும் சீனி வருத்தமா? அப்போது அந்தக் குழிக்குள் என்னோடு யாருமே இருக்கவில்லையா? அழுகை வந்தது, அழுதேன்.

பூமணி என் முதுகுப் பக்கம் இருந்தாள். அவளும் அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இஞ்சருங்க. முதல் வருசம் நீங்க ஓடினீங்க.”

“ஓம். எல்லாரும் சிரிச்சாங்க.”

“ஓடினதாலதான் கால் வேகல்ல. சுட்டு, ஓட வச்சு, கரையேத்தினாவே, அந்த வருசம்தான் அம்மன் உங்களோட நிண்டிரிக்கா. இந்த வருசம் நீங்க அவவப் பாக்காம ஆக்களப் பாத்துக்கிட்டு நடந்தீங்க. நான் கரையில நிண்டு கண்டன்.”

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை.

“மிச்சத்த நான் மிதிக்கிறன்” என்றாள். “எனக்குச் சுடும்.”

காலையில் ரிஸ்னா ஒப்புதல் பத்திரத்தோடு வந்தாள். சொன்னபடி வந்துவிட்டாள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. முதல்நாள் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, என்ன செய்யப் போகிறார்கள் என்பதைச் சொன்னாள். சொல்லி முடித்து, வழக்கமான கேள்வி வாய்வரை வந்து, அதை விழுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இல்ல” என்றேன். “எனக்கு விளங்கல்ல. முழங்கால் எண்டு பெரிய டொக்டர் சொன்னது ஆருக்கு?”

அது எனக்குத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அவள் தன் பேனையை எடுத்து, என் காலிலேயே கோடு போட்டுக் காட்டினாள். கறுத்த இரண்டு விரல்களும் கட்டாயம் போகும். கிருமி இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் அதோடு சரி. தாண்டியிருந்தால் திரும்ப வந்து என்னிடம் கேட்பார்கள், கேட்காமல் மேலே வெட்டமாட்டார்கள். நான் அதை அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். பிறகு பூமணிக்குச் சொன்னேன். மூன்றாம் தரம் எனக்கே சொல்லிக்கொண்டு கையெழுத்து வைத்தேன். என் பதவிக்காலத்தில் என் மேசையில் விளங்காமல் கையெழுத்து வைத்த கைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

இரண்டு விரல் போனது. கால் இருக்கிறது. ஆறுவதற்கு ஐந்து மாதம் எடுத்தது.

இந்த வருடச் சடங்குக்கு நான் கரையில் கதிரை போட்டு, சப்பாத்தும் கால்மேசுமாக இருந்தேன். சாமிக்கு முன்னால் சப்பாத்தோடு இருக்கலாமா என்று பூசாரியாரிடம் பூமணியே போய்க் கேட்டு, இருக்கலாம் என்று அனுமதி வாங்கி வந்திருந்தாள். அவள் மஞ்சள் உடுத்து, தலைமுழுகி, தீக்குழியில் இறங்கினாள். இறங்கியவள் ஓடினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி ஒரே ஓட்டம். யாரும் குரவை போடவில்லை. இரண்டொருவர் சிரிக்கவும் செய்தார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

விரிவுரையாளர் அம்மா கேட்டதால் இப்போது மாதத்தில் ஒரு நாள் அந்தப் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். புதுத் தாதிமாருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருப்பேன். கண்ணை மூடிக்கொண்டால் இன்றும் யாரோ தொடுகிறார்கள். தொடாதபோதும் தொடுகிறார்கள். அப்போதெல்லாம் ‘தெரியல்ல, நீங்களே பாத்துச் சொல்லுங்க’ என்று சொல்லப் பழகியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான் அம்மா இதையும் கேட்டார். இரண்டு பக்கம் போதும் என்றார், அது நீண்டுவிட்டது.

வீட்டில் தினமும் பின்னேரம் பூமணி வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே என் காலை மடியில் தூக்கி வைத்து, கண்ணாடி பிடித்து, விரலிடுக்கெல்லாம் பார்ப்பாள். அந்த நேரம் நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். நேற்றும் அப்படித்தான். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. ஒன்றுமே தெரியவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, “இன்னும் தொடங்கல்லையா?” என்று கேட்டேன்.

“இவ்வளவு நேரமும் புடிச்சிக்கிட்டுத்தானே இரிக்கன்” என்றாள்.